வாத்தின் முழங்கை

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஃபோனில் ‘பெயிண்டர்’ என்று சொன்னால், படம் வரைகிறவன் என்று நினைத்துக்கொண்டு சிலர் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். வாளியும் ஏணியுமாகப் போய் நின்றதும் அதில் பாதி மரியாதை குறைந்துவிடும். அந்தப் பாதியை வேலை முடிவதற்குள் நான் திரும்ப வாங்கிவிடுவேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை என் மனைவி சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சின்னக் கைவிளக்கு. பள்ளங்களைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்த சுவரை நேரே நின்று பார்த்தால் கண்ணாடி மாதிரித்தான் தெரியும். திரையை இழுத்துவிட்டு, விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேடு, பள்ளம், கீறல், அவசரத்தில் பதிந்த விரல் தடம் எல்லாம் நிழலாக விழுந்து காட்டிக்கொடுக்கும். அந்த விளக்கிடமிருந்து எந்தச் சுவரும் தப்பியதில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அதே விளக்கை வைத்துக்கொண்டுதான் இந்தக் கோடையில் என் மகளிடம் மூக்குடைபட்டேன்.

வீட்டில் அவளை வாத்து என்று கூப்பிடுவோம். நடை பழகிய நாட்களில் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்ததால் வந்த பெயர். இப்போது எட்டு வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கரப்பான் வந்துவிட்டது. தோல் டாக்டர் அதை எக்ஸிமா என்பார். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, இந்த மூன்று இடங்களும் எங்கள் வீட்டில் தனி ஆட்கள் மாதிரி. “கழுத்து இன்னைக்குப் பரவாயில்ல, முழங்கால்தான் முறைக்குது” என்று காலையில் பேசிக்கொள்வோம்.

முதல்முதலாக டாக்டரிடம் போனபோது அந்த அம்மா கேட்டார், “உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இப்படித் தோல் பிரச்சனை உண்டா? ஆஸ்துமா, அலர்ஜி, இந்த மாதிரி?”

“இல்லவே இல்ல,” என்றேன். சொல்லும்போது இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. என் விரல் இடுக்குகள் பாளம் பாளமாக வெடித்திருக்கும். தின்னரும் சுண்ணாம்புத் தூசியும் படுகிற கை, தொழில்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று மனைவியிடமும் சொல்லி வைத்திருந்தேன். என்னால்தான் பிள்ளைக்கு வந்தது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

போன கோடையில் வாத்து நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டே வாரம். குளத்துத் தண்ணீரில் போடுகிற மருந்தும் வெயிலும் வேர்வையும் சேர்ந்து, முழங்கால் பின்னால் தோல் வெடித்து ரத்தம் வந்துவிட்டது. நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகும் அவள் தினம் குளத்துக்குப் போனாள், கம்பி வேலிக்கு வெளியே நின்று மற்ற பிள்ளைகள் நீந்துவதைப் பார்க்க. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவளை அப்படிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையில் நின்றபடியே காலை உதைத்துக்கொண்டிருந்தாள். 

இந்தக் கோடை வந்ததும் ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு வார வகுப்பு. கடைசி சனிக்கிழமை ஒரு தேர்வு. எங்கும் நிற்காமல், எதையும் பிடிக்காமல், குளத்தின் முழு நீளத்தையும் நீந்தினால் ஒரு நீலத் துணிப் பட்டை தருவார்கள். பட்டை வாங்கியவர்களை அடுத்த வருடம் ஆழமான குளத்தில் விடுவார்கள். மற்றவர்கள் மறுபடியும் இடுப்பளவுத் தண்ணீரில், ஐந்து வயதுக் குஞ்சுகுளுவான்களோடு.

“எனக்கு அந்தப் பட்டை வேணும்ப்பா. வேற ஒண்ணுமே வேணாம்,” என்றாள்.

சரி என்றேன். இது ஒரு பூச்சு வேலை, நமக்குத் தெரியாத பூச்சா என்று நினைத்தேன்.

டாக்டர் முறை சொல்லிக் கொடுத்தார். குளத்தில் இறங்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் உடம்பை நனைத்துத் துடைத்து, கெட்டியான களிம்பு ஒரு பூச்சு. வெளியே வந்தவுடன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளியல், சோப்பு கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மறுபடி களிம்பு. சிவந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு மருந்து. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

முதல் நாளே சொதப்பினேன். குளத்தின் வாசலில் வைத்துத் தாராளமாகப் பூசி அனுப்பினேன். தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொடுக்க நீச்சல் டீச்சர் அவளை இடுப்பில் பிடித்தார், வாத்து வழுக்கிக்கொண்டு போய் நாலு அடி தள்ளி முளைத்தாள். மறுபடி பிடித்தார், மறுபடி போனாள்.

“சார், பிள்ளையை அனுப்பச் சொன்னா சோப்புக் கட்டியை அனுப்பியிருக்கீங்க,” என்றார் டீச்சர், குளத்துக்குள் நின்றபடியே. சுற்றி இருந்த பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். ஒரு பூச்சு காய நேரம் வேண்டும் என்பது ஊருக்கே உபதேசம் செய்கிற எனக்குத் தெரியாதா? மறுநாளிலிருந்து வீட்டிலேயே, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பூசினேன். களிம்பு தோலுக்குள் இறங்கி, தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகுதான் செருப்பே போட விடுவேன். அதோடு முழுக்கை நீச்சல் உடை ஒன்றும் வாங்கினோம், வெயில் படாமலிருக்க.

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். டாக்டர் மூன்று நிமிடம் என்றால் அவளுக்கு அது மூன்றே நிமிடம்தான், நாலாவது நிமிடம் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். காலை ஷிஃப்டில் போவதால் குளத்துக்கு அவளால் வர முடியாது, நானும் வாத்தை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன். ஆனால் ஒரு அட்டையில் நேர அட்டவணை எழுதி வாத்தின் பைக்குள் வைத்துவிட்டாள். ‘10:45 வெளியே. 10:47 குளியல். 10:52 துடை. 10:53 களிம்பு.’ கீழே அடிக்கோடிட்டு, ‘வழியில் யாரோடும் பேச்சு கிடையாது.’

இதுவரை எல்லாம் சரி. இதற்கு மேல்தான் என் மூளை வேலை செய்தது.

வேலையிடத்தில் நான் சுவரில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பேன். சரியான இடத்துக்கு நீல டேப், திரும்பச் செய்ய வேண்டிய இடத்துக்குச் சிவப்பு டேப். அதையே வீட்டிலும் கொண்டுவந்தேன். தினம் சாயங்காலம் திரையை இழுத்துவிட்டு, வாத்தை ஸ்டூலில் உட்கார வைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து அவள் கை, கால், கழுத்து எல்லாவற்றையும் பார்ப்பேன். தோல் நன்றாக இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நீலத் துண்டு. சிவந்து வெடித்திருந்தால் ஒரு சிவப்புத் துண்டு.

“மூணு சிவப்பு வந்தா நீச்சல் கட்,” என்று அறிவித்தேன்.

மனைவி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்னங்க, அவ என்ன சுவரா?”

“ஒரு கட்டுப்பாடு வேணும்ல? அப்பத்தான் சொறியாம இருப்பா.”

“அரிச்சா சொறியாம என்ன பண்ணுவா? உங்களுக்கு அரிச்சா சும்மா இருப்பீங்களா?”

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரத்திலேயே இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. இரண்டாவது சிவப்பை ஒட்டிய அன்று வாத்து அழவில்லை. ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே நீலம்தான். நீலம், நீலம், நீலம். பதின்மூன்று நீலத் துண்டுகள் வரிசையாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீச்சல் டீச்சரிடம் சொன்னேன், கடைக்காரரிடம் சொன்னேன், ஏணியைப் பிடித்துக்கொள்ள வருபவரிடம் சொன்னேன். “எல்லாம் ஒரு முறை வச்சுப் பண்ணணும்,” என்று விளக்கம் வேறு.

இதற்கிடையில் வாத்து இரண்டு விஷயத்தில் மாறியிருந்தாள். காலையில் நான் களிம்பை எடுத்தால், “நானே பூசிக்கிறேன், நான் என்ன சின்னப் பாப்பாவா?” என்று பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். சாயங்காலம் என் வண்டிச் சத்தம் கேட்டால், ஸ்டூலில் உட்காருவதற்கு முன் குளியலறைக்குள் ஒரு பத்து நிமிடம். பிள்ளை பொறுப்பாகிவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை. ஒரு பல் டாக்டர் வீட்டில் வேலை. அவர் வரவேற்பறைச் சுவரில் ஒரு மூலை ஈரம் ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. பின்பக்கக் குழாய் எங்கோ கசிகிறது.

“ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வராங்க. மேல ரெண்டு கோட்டு அடிச்சு மறைச்சுடுங்களேன்,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சார், சொத்தைப் பல்லோட ஒருத்தர் வந்தா மேல வெள்ளையடிச்சு அனுப்பிடுவீங்களா?”

 அவர் சிரித்துவிட்டு, குழாய்க்காரரைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நடந்ததை மனைவியிடம் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்ற நினைப்புதான் வழியெல்லாம்.

வந்ததும் வழக்கம்போலத் திரையை இழுத்தேன். வாத்து குளியலறையிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். வலது முழங்கை நன்றாக இருந்தது. இடது முழங்கை அதைவிட நன்றாக இருந்தது.

அதுதான் இடித்தது. ரொம்ப நன்றாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் கோடு இருக்க வேண்டும், சின்னச் சின்ன மயிர் இருக்க வேண்டும். இது மழமழவென்று ஒரே நிறமாக இருந்தது. விளக்கை இன்னும் சாய்த்தேன். நடுவில் கனமாகவும் ஓரத்தில் போகப் போக மெலிந்தும், எங்கே முடிகிறது என்று தெரியாதபடி இழைத்து விட்டிருந்தது. இந்த வேலை எனக்குத் தெரியும். பட்டி வைத்த இடம் தெரியாமலிருக்க நான் இருபது வருடமாகச் செய்கிற வேலை.

கட்டைவிரலால் லேசாகத் தொட்டேன். விரலில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பூ வாசனை. மனைவி கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற முகப்பூச்சு.

ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அடியில் தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு முழங்காலுக்குப் பின்னாலும் அதே கதை.

“எத்தனை நாளா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திருதிருவென்று விழித்தாள். “ஆறு நாளா.”

“எரியலையா?”

“எரிஞ்சுது. தண்ணில இறங்கும்போது ரொம்ப எரியும். அப்புறம் பழகிடும்.”

“இப்படிப் பூச யாரு சொல்லிக் கொடுத்தா?”

“நீங்கதான்ப்பா,” என்றாள். குரலில் குற்றம்சாட்டல் எதுவும் இல்லை, கேட்டதற்குப் பதில். “ஓரம் தெரியக்கூடாதுன்னு சொல்வீங்களே. ஸ்பாஞ்சால இழுத்து இழுத்து விட்டேன். அப்பத்தான் விளக்குல தெரியாது.” பிறகுதான் உதடு துடித்தது. “ரெண்டு சிவப்பு ஆயிடுச்சுல்ல. இன்னும் ஒண்ணு வந்தா நீங்க நிறுத்திடுவீங்க.”

முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. பொய், அம்மா பொருளை எடுத்தது, இத்தனை நாள் ஏமாற்றியது என்று திட்டுவதற்கு ஒரு பட்டியலே நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி வாத்தை ஸ்டூலிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், எட்டு வயதுப் பிள்ளையை.

“அவளைத் திட்டாதீங்க. நீங்க ஒரு பரீட்சை வச்சீங்க, அவ பாஸ் பண்ணிட்டா. அவ்வளவுதான்,” என்றாள்.

மத்தியானம் பல் டாக்டரிடம் நான் அடித்த வசனம் ஞாபகத்துக்கு வந்தது. ஈரத்தை மறைத்துப் பூச மாட்டேன் என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, மறைத்துப் பூசினால்தான் பிழைக்கலாம் என்ற நிலைமையை என் மகளுக்கு என் கையாலேயே உண்டாக்கியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி நான் வெட்கப்பட்டதே இல்லை.

மறுநாள் தோல் டாக்டரிடம் ஓடினோம். அவர் முழங்கையைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். “இது என்ன வாசனை?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, டேப், மூன்று சிவப்பு, எதையும் விடவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீச்சல்ல கொஞ்சம்தான் வந்திருக்கும். மீதியெல்லாம் வாசனை போட்ட அந்தப் பூச்சால வந்தது,” என்றார். “இது வரும், போகும். இதுல பாஸ் ஃபெயில் கிடையாது சார். வந்த அன்னைக்கே சொன்னா ரெண்டு நாள்ல அடங்கும். ஆறு நாள் ஒளிச்சு வச்சா இப்படித்தான்.” பிறகு வாத்திடம் குனிந்தார். “தோல் உடைஞ்சிருந்தா, தண்ணி கசிஞ்சா, குளம் வேணாம். சும்மா சிவப்பா இருந்து, மேல உடையாம இருந்தா மருந்து போட்டுட்டு ஜம்முனு போகலாம். புரிஞ்சுதா?”

“இப்ப உடைஞ்சிருக்கா?”

“உடைஞ்சிருக்கு. அஞ்சு நாள் லீவு.”

வாத்து விரல் விட்டு எண்ணினாள். தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. லீவு போனால் மூன்று நாள்தான் மிச்சம். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து டேப்பை எல்லாம் பிய்த்தேன். நீலம் அத்தனையையும், சிவப்பு இரண்டையும். கதவில் ஒரு தடம்கூட இல்லாமல் வந்தது. அதிலாவது தொழில் சுத்தம். எல்லாவற்றையும் உருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வாத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா.”

“அப்போ நீச்சல் நிக்காதா?”

“நிக்காது. உடைஞ்சா லீவு, மூடினா திரும்பப் போவ. எத்தனை தடவை உடைஞ்சாலும்.”

“நூறு தடவை உடைஞ்சா?”

“நூறு தடவை லீவு. நூத்தியோராவது தடவையும் போவ.”

யோசித்தாள். நான் சொல்வதில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற பார்வை, அவள் அம்மா மாதிரியே. நான் கைவிளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “இனிமே நீயே பார்த்துக்க. என்ன தெரியுதோ அதை என்கிட்ட சொன்னா போதும்.”

அந்த ஐந்து நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. பால்கனியில் இரண்டு காலி பெயிண்ட் டின்களைக் கவிழ்த்து, மேலே என் சாரப் பலகையைப் போட்டு, அதன் மேல் ஒரு மெத்தையை விரித்துக் கொடுத்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு காற்றில் நீந்தினாள். மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “கை நீட்டு, இழு, தலையத் திருப்பு, மூச்சு” என்று பஸ்ஸில் நிறுத்தம் சொல்வது மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் தன் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, “தண்ணி எப்போ விடுவீங்க?” என்று கேட்டார். தினம் இரண்டு வேளை மருந்து, நாலு வேளை களிம்பு. தினம் சாயங்காலம் அவளே விளக்கைப் பிடித்துச் செய்தி வாசிப்பாள். “இடது முழங்கை மூடிடுச்சு. வலது கால் இன்னும் ஒரு கோடு இருக்கு.” ஆறாவது நாள், “எல்லாம் மூடிடுச்சு,” என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது, பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மனைவி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு சீருடையோடு நேராகக் குளத்துக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில். வாத்து ஒன்பதாவது. நானும் மனைவியும் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். நாலு பேர் முழு நீளம் முடித்துவிட்டார்கள், இரண்டு பேர் பாதியில், தடங்களைப் பிரிக்கிற மிதவைக் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள்.

ஏழாவது பிள்ளை தண்ணீரில் இறங்கும்போது வாத்து வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஈரத் தரையில் அந்த ஆட்ட நடையோடு நேராக என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, வலது முழங்கால் பின்னாடி அரிக்குது. காலைல இருந்தே.” எச்சிலை விழுங்கினாள். “களிம்பு போடும்போது பார்த்தேன். சிவப்பா இருந்துது. அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன். சொல்லல. இப்ப சொல்றேன்.”

சொல்லாமலே அவள் போயிருக்கலாம். இன்னும் இரண்டு பேர்தான். பார்க்க யாருமில்லை, கேட்க யாருமில்லை, அவள் ஆசைப்பட்ட ஒரே பொருள் குளத்தின் அந்தக் கரையில் மேசை மேல் இருக்கிறது. போன கோடையிலிருந்து இதற்காகத்தான் அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். இருந்தும் வந்து சொல்கிறாள். 

“விளக்கு இருக்கா?” என்றேன்.

பைக்குள்ளிருந்து எடுத்தாள். நிஜமாகவே கொண்டுவந்திருந்தாள். பத்து மணி வெயிலில், திறந்தவெளிக் குளத்தருகே, என் மகள் கைவிளக்கை எரியவிட்டுச் சாய்த்துப் பிடித்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு தன் முழங்காலின் பின்பக்கத்தைப் பார்த்தாள். மனைவி குடை மாதிரித் துண்டை விரித்து நிழல் பண்ணினாள். சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, யார் கண்டது.

நானும் பார்த்தேன். ஒரு சின்னப் பொட்டளவுச் சிவப்பு. ஆனால் தீர்ப்பை நான் சொல்லவில்லை. “நீயே சொல்லு. உடைஞ்சிருக்கா?”

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தொட்டு, விரலையும் பார்த்தாள். “இல்ல. ஈரம் இல்ல. சிவப்பு மட்டும்தான்.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“சிவப்பு மட்டும்னா மருந்து போட்டுட்டுப் போகலாம்.” அப்போதுதான் அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. “காலைலயே மருந்தும் போட்டுட்டேன்ப்பா. அப்போ போகலாம்தானே?”

“அப்போ ஓடு.”

நீச்சல் டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்து வரிசைக்கு ஓடினாள். “தரையில ஓடக் கூடாது!” என்று கத்திவிட்டு விசிலை ஊதினார்.

அழகாக நீந்தினாள் என்று சொன்னால் அது பொய். முதல் பாதி நன்றாக இருந்தது. பிறகு கால் தணிந்து, கை மட்டும் தண்ணீரை அடித்தது. முக்கால்வாசியில் வாயில் தண்ணீர் போய் இருமினாள். மனைவி எழுந்து நின்று, “மூச்சு! தலையத் திருப்பு, மூச்சு!” என்று டிரைவர் குரலில் கத்தினாள். கயிறு அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிடிக்கவில்லை. பலகை மேல் படுத்துப் பழகிய அதே தாளத்துக்குத் திரும்பினாள். இழு, திருப்பு, மூச்சு. மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, அந்தக் கரைச் சுவரில் கையைப் போட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்திருந்ததாக மனைவி பிறகு சொன்னாள்.

டீச்சர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “எங்க நம்ம சோப்புக் கட்டி?” என்று தேடினார். வாத்து அங்கே இல்லை. குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “மிஸ், மூணு நிமிஷம்! மூணே நிமிஷம் மிஸ்!” மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்படிப் பெருமைப்பட்ட முகத்தோடு நான் அவளைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பட்டை வாங்கி முடித்து மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். வாத்து மடியில் நீலப் பட்டை. களிம்பு டப்பாவைத் திறந்து முழங்கை, முழங்கால், கழுத்து என்று வரிசையாகப் பூசிக்கொண்டாள். விரலில் ஒரு பட்டாணி அளவு மிஞ்சியது. டப்பாவில் திரும்ப வழிக்கப் போனவள் நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள். சந்தோஷத்தில் நான் அதைப் பைக்குள் வைக்க மறந்திருந்தேன்.

“காட்டுங்கப்பா,” என்றாள்.

“அது பெயிண்ட் வேலைடா. தூசி பட்டு…”

அவள் விளக்கை எரியவிட்டாள். என் கையைத் தன் முழங்கால் மேல் வைத்து, சாய்த்துப் பிடித்தாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்து விரித்துப் பார்த்தாள். மனைவியும் எட்டிப் பார்த்தாள். 

“உடைஞ்சிருக்கு,” என்றாள் வாத்து. “எத்தனை நாளா?”

நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு சொன்னேன். “நீ பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்தே.”

அவள் திட்டவில்லை. விரலில் மிஞ்சியிருந்த களிம்பை என் விரல் இடுக்குகளில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்ல இழுத்துத் தடவிக்கொண்டே, “இப்பவாவது சொன்னீங்களே, பரவாயில்ல,” என்றாள்.